நாவிழந்த உயிரும் நம் நோன்பும்

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பகவான் மகாவீரர் அவதரித்த இந்நன்னாளில் ஜீவதயை பற்றிச் சில சொல்லுமாறு அறக்கட்டளையினர் என்னைப் பணித்தனர். நம் அவைகளில் இப்பொருள் பேசப்படாத ஆண்டில்லை. கறவை வற்றிய பசுவுக்குப் புல், கோடையில் தண்ணீர்ப் பந்தல், மாடியில் பறவைகளுக்குத் தானியம் என நாம் செய்து வருவனவும் பல. ஆயினும், புல்லும் தானியமும் தின்னாத உயிர் ஒன்று அடிபட்டு நம் வாயிலில் வந்து கிடந்தால் நாம் செய்யத்தக்கது யாது? பிற உயிரை உண்டே வாழுமாறு பிறந்த ஓர் உயிருக்குக் கொல்லா நோன்பு பூண்ட இல்லத்தார் எவ்வாறு உதவுவது? இவ்வினாவை நாம் பெரும்பாலும் எழுப்புவதில்லை. இன்று அதனையே எடுத்துக்கொள்கின்றேன்.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் கால்நடை மருத்துவனாக நெடுங்காலம் பணிசெய்தவன் நான். மாடும் ஆடும் பார்த்துப் பழகிய கைகள் இவை. இக்கைகளுக்கு இருமுறை பச்சோந்தி வந்து சேர்ந்தது. இரண்டும் நாவில் காயம்பட்டவை. முதலாவதை நான் கொன்றேன். கொல்ல வேண்டும் என்று எண்ணிச் செய்ததன்று. காக்க வேண்டும் என்று எண்ணியே கொன்றேன். இதனை இதுகாறும் எந்த அவையிலும் நான் சொன்னதில்லை.

அந்நிகழ்ச்சியைக் கூறுமுன், பச்சோந்திக்கு நாக்கு எத்தகைய உறுப்பு என்பதைச் சொல்லிவிடுகின்றேன். நமக்கு நாக்கு சுவைப்பதற்கும் பேசுவதற்கும் உரியது. பச்சோந்திக்கோ அதுவே கை. விரைந்து ஓடவும் பாய்ந்து பிடிக்கவும் அதற்கு இயலாது. முன்னும் பின்னும் அசைந்தசைந்து ஒவ்வோர் அடியாக வைத்துக் கிளையில் நடக்கும். இரு கண்களையும் தனித்தனியே சுழற்றிப் பூச்சி இருக்குமிடம் தேர்ந்து, பின் இரண்டையும் அதன்மேல் நிறுத்தி, நாக்கை எய்யும். எய்யும் என்பது உவமையன்று. வாயினுள்ளே நாவெலும்பின் நீண்ட முனைமேல் தசை சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அத்தசைக்கும் எலும்புக்கும் இடையே உள்ள மெல்லிய உறைகள், வில்லின் நாண்போல் இழுபட்டு விசையைச் சேர்த்து வைத்து, ஒரே கணத்தில் விடுவிக்கின்றன. இதனை 2004ஆம் ஆண்டில் ஆய்வாளர் விளக்கினர். வால் நீங்கலான உடலின் நீளத்தையும் கடந்து செல்லும் அந்நாக்கு, நொடியில் பத்தில் ஒரு பங்கிற்கும் குறைந்த நேரத்தில் இரையைத் தொட்டுவிடும். நுனியில் ஊறும் பசை மனித உமிழ்நீரைவிட ஏறத்தாழ 400 மடங்கு கெட்டியானது என்று 2016இல் வெளிவந்த ஆய்வொன்று கண்டறிந்தது.

இத்தகைய நாவில் காயம்படுமாயின் அது நம் நாவில் படும் புண் போன்றதன்று. வேட்டையாடும் கை ஒடிந்தது போன்றது. பல்லிக்கு அறுந்த வால் மீண்டும் வளரும். பச்சோந்திக்கு இழந்த நாக்கு மீண்டும் வளராது.

முதற்பச்சோந்தி வேப்பந்தட்டைப் பக்கம் பச்சைமலை அடிவாரத்திலிருந்து வந்தது. காய்கறித் தோட்டத்தைச் சுற்றிக் கட்டியிருந்த நைலான் வலையில் அதன் நாக்கு சிக்கியிருந்தது. ஆடு மேய்க்கும் முதியவர் ஒருவர் வலையோடு அறுத்து, தம் துண்டில் சுற்றி எடுத்து வந்தார். பச்சோந்தி கடித்தால் நஞ்சு ஏறும் என்று ஊரார் தடுத்தும், அவர் கேளாமல் கொண்டு வந்தார். அவ்வுயிருக்கு நஞ்சில்லை என்பதை அவர்க்குச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. நான் வலை நூலை நீக்கினேன். நாக்கு வீங்கி, வாயின் ஒரு புறம் தொங்கியது. அதனை இல்லத்திற்கு எடுத்துச் சென்றேன்.

இல்லத்தில் அன்று அட்டமி நோன்பு. பூச்சி பிடித்து அதன் வாயில் இட என் மனம் இசையவில்லை. வெட்டுக்கிளியும் ஈயும் நான்கறிவுயிர்கள் என்று சிறுவயதில் பாடசாலையில் படித்தவன் நான். ஓருயிரைக் காக்க நாளொன்றுக்குப் பத்துயிரை நம் கையால் கொல்வதா என்று மயங்கினேன். மயங்கிய மனம் எளிய வழியொன்றைக் கண்டது. பசும்பாலில் வாழைப்பழத்தைக் கரைத்து, ஊசியில்லாப் பீச்சுக்குழலால் அதன் வாயினுள் செலுத்தினேன். அது வாயை இறுக மூடியது, உடல் கருத்தது. நான் விரலால் தாடையை விலக்கி மீண்டும் புகட்டினேன். அதற்கு நன்மை செய்வதாகவே எண்ணினேன்.

பச்சோந்திக்கு மூச்சுக்குழலின் வாய், நாவின் அடியில், வாயின் தரையிலேயே இருக்கிறது. நாக்கு வீங்கியிருக்கும்போது நாம் பீச்சும் நீர்மம் உணவுக்குழலுக்குச் செல்லாமல் நுரையீரலுக்குச் சென்றுவிடும். பால் என்பது பாலூட்டிகளின் குட்டிகளுக்கு அமைந்த உணவு. ஊர்வனவற்றின் குடல் அதற்கென அமைந்ததன்று. கால்நடை மருத்துவம் கற்ற எனக்கு இவை தெரிந்திருக்க வேண்டும். தெரிந்ததையும் என் நோன்பின் பெருமிதம் மறைத்துவிட்டது. நான்காம் நாள் காலை அது கிளையைப் பற்றியவாறே இறந்திருந்தது.

என் கையில் ஒரு பூச்சியின் உயிரும் படவில்லை என்று அன்று என்னை நானே தேற்றிக்கொள்ள முயன்றேன். முடியவில்லை. பின்னர்த்தான் நம் நூல்கள் சொல்வதை நினைத்துப் பார்த்தேன். இல்லறத்தார்க்குரிய கொல்லாமை என்னும் அணுவிரதத்திற்கு ஐந்து குற்றங்களைத் தத்வார்த்த சூத்திரம் கூறுகிறது. கட்டி வைத்தல், அடித்தல், உறுப்பறுத்தல், அளவிறந்த சுமை ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. இவற்றுள் எதுவும் நேரடியாகக் கொலையன்று. ஆயினும் கொலை செய்யாமலே நோன்பைக் கெடுத்துக்கொள்ளும் வழிகள் இவை என்று ஆசாரியர் எச்சரித்தனர். நான் செய்தது யாது? ஓருயிரைக் கூட்டில் அடைத்தேன், அஃது ஒன்று. அதன் இயல்புக்குரிய உணவை மறுத்து, என் இயல்புக்குரிய உணவைத் திணித்தேன், அஃது மற்றொன்று. கொல்லா நோன்பைக் காப்பதாக எண்ணி, அந்நோன்பின் ஐந்து குற்றங்களுள் இரண்டை நான் ஒருங்கே செய்திருந்தேன்.

இங்கு ஒரு மறுப்பு எழக்கூடும். மகாவீரர் தம் முற்பிறவிகளுள் ஒன்றில் சிங்கமாயிருந்தார். சாரண முனிவர் இருவரின் அறவுரை கேட்டு ஊனுணவைத் துறந்து, நோன்பிருந்து உயிர் நீத்தார் என்பது நம் புராண வரலாறு. விலங்கும் ஊனைத் துறத்தல் கூடும் என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். நானும் அன்று இவ்வாறே எண்ணினேன். ஆயினும் அவ்வரலாற்றைக் கூர்ந்து நோக்குங்கள். அச்சிங்கம் தானே உணர்ந்து, தானே துறந்தது. முனிவர் அதன் வாயைக் கட்டவில்லை. அதன் முன்னே புல்லை இட்டு உண்ணென்று வற்புறுத்தவும் இல்லை. அறத்தைச் சொன்னார்கள், சென்றார்கள். நோன்பு என்பது ஏற்பவன் உள்ளத்தில் தோன்றுவது. பிறர் வாயில் திணிக்கப்படும் நோன்பு நோன்பாகாது, அது பட்டினி.

அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரியை நீங்கள் அறிவீர்கள். 2024ஆம் ஆண்டு சனவரியில் உலகச் சிறப்புடைய ராம்சர் ஈரநிலங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்ட ஏரி அது. குளிர்காலத்தில் குழந்தைகளை அழைத்துச் சென்று அங்கு வரும் பறவைகளைக் காட்டி மகிழ்கிறோம். நாரை மீனைக் கொத்துவதைக் காண்கிறோம். அதனிடம் மீனை விடுமாறு நாம் கேட்பதில்லை. மீனைப் பிடித்து அதற்கு இடுவதும் இல்லை. அதன் இயல்பில் அதனை விட்டுவிட்டு, நம் நோன்பில் நாம் நிற்கிறோம். வானில் பறக்கும் நாரையிடம் நமக்கு இருக்கும் இத்தெளிவு, காயம்பட்ட ஓருயிர் நம் கைக்கு வந்தவுடன் ஏனோ கலைந்துவிடுகிறது.

இத்தடுமாற்றம் எனக்கு மட்டும் உரியதன்று. நம் சமுதாயமே நெடுங்காலமாக இதனோடு போராடி வந்திருக்கிறது. தில்லிச் செங்கோட்டைக்கு எதிரே திகம்பரர் லால் மந்திர் வளாகத்தில் பறவைகளுக்கான அறமருத்துவமனை ஒன்றுண்டு. 1929ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அம்மருத்துவமனை, பட்டம் விடும் நூலால் சிறகறுந்த புறாக்கள் உட்பட எண்ணற்ற பறவைகளுக்கு உயிர் கொடுத்துள்ளது. அங்கு ஊனுண்ணும் பறவைகளை உள்நோயாளிகளாக வைத்துப் பேணுவதில்லை என்பது நெடுநாள் வழக்கம். அவற்றிற்கு ஊன் தரவேண்டும் என்பதே காரணம். அந்நகரிலேயே முகமது சவூத், நதீம் ஷெஹ்சாத் என்னும் இரு சகோதரர்கள் காயம்பட்ட பருந்துகளைத் தம் இல்லத்தின் அடித்தளத்தில் வைத்துப் பேணத் தொடங்கினர். அவர்களைப் பற்றிய ஆவணப்படம் 2022இல் வெளிவந்து உலகப் புகழ்பெற்றது.

இவ்விரண்டில் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் இங்கு வரவில்லை. ஊனிட இயலாதவர் ஊனுண்ணியை வைத்துக்கொள்ளாமை ஒரு நேர்மை. அவ்வுயிரைத் தாங்கும் கைகள் வேறெங்கோ இருத்தல் வேண்டும் என்பதும் உண்மை. நம்மால் வைத்துப் பேண இயலாத உயிரை, பேண வல்லவரிடம் விரைந்து சேர்ப்பித்தலே நாம் செய்யக்கூடிய தயை. இதனை நான் இரண்டாம் பச்சோந்தியிடம் கற்றேன்.

நான் பணி ஓய்வு பெற்றபின் நிகழ்ந்தது அது. குன்னம் பக்கத்தில் நம்மவர் குடும்பம் ஒன்றிற்குக் கரிசல் நிலமுண்டு, பருத்தி விளைகிறது. பூச்சிமருந்து தெளிப்பதைக் குறைக்க வேண்டும் என்னும் நல்லெண்ணத்தால், வேளாண்மைத் துறையினர் கூறியவாறு மஞ்சள் ஒட்டுப்பொறி அட்டைகளை நட்டிருந்தனர். வெள்ளை ஈக்கள் மஞ்சள் நிறத்தை நாடி வந்து அட்டையில் ஒட்டிக்கொள்ளும். வேலி மரத்திலிருந்த பச்சோந்தி ஒன்று அட்டைமேல் துடித்த பூச்சியை நோக்கி நாக்கை எய்திருக்கிறது. ஒட்டும் நாக்கையுடைய உயிர் ஒட்டும் அட்டையில் சிக்கிற்று. இழுத்துக்கொள்ள முயன்றதில் நுனி கிழிந்தது. அக்குடும்பத்துச் சிறுவன், ஏழாம் வகுப்புப் படிப்பவன், அதனைக் கண்டு தந்தையிடம் கூற, அவர் எனக்குத் தொலைபேசியில் அழைத்தார்.

நான் சென்றபோது அவ்வீட்டு மூதாட்டி திண்ணையில் அமர்ந்திருந்தார். “ஐயா, தாகத்திற்குத் தண்ணீர் தருவோம், காற்றோட்டமாக வைப்போம். பூச்சி பிடித்து ஊட்டும் வேலை மட்டும் இவ்வீட்டில் வேண்டாம்” என்றார். சிறுவனோ கையில் ஒரு வெட்டுக்கிளியைப் பிடித்து வைத்துக்கொண்டு, பாட்டி முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். “அதனை விட்டுவிடு, தம்பி. இன்றைக்கு அது தேவையில்லை” என்றேன். இரக்கத்தால் மட்டும் சொன்னதன்று அது, மருத்துவமும் அதுவே.

இங்கு நான் கூறப்போவனவற்றைக் குறிப்பாக இளையோர் நினைவில் கொள்ள வேண்டுகின்றேன். வளர்ந்த பச்சோந்தி இரண்டு மூன்று நாள் உணவின்றி இருத்தலால் இறந்துவிடாது. குளிர்ந்த இரத்தமுடைய உயிர்களுக்கு நம்மைப்போல் வேளைதோறும் உணவு வேண்டுவதில்லை. அதனை விரைவில் சோர்வடையச் செய்வது நீரின்மையும் அச்சமுமே. ஆகவே முதல் இரண்டு நாளில் நாம் செய்யவேண்டியன எல்லாம் நம் நோன்புக்கு உட்பட்டவையே.

நாக்கு வாய்க்கு வெளியே தொங்கினால் அதனை இழுக்கலாகாது, வெட்டலாகாது, உள்ளே திணிக்கவும் கூடாது. மருந்துக்கடையில் கிடைக்கும் சலைன் நீரால் அதனை ஈரமாக வைத்திருந்தால் போதும். உலர்ந்துபோன நாக்கு அழுகிவிடும். பசையில் ஒட்டியிருந்தால் பிய்க்காமல் சமையல் எண்ணெயைச் சிறிது சிறிதாகத் தடவிப் பசையை இளக்க வேண்டும். பிடித்துப் பற்ற ஒரு கிளை வைத்த, காற்றோட்டமுள்ள கூடையில் அதனை இட்டு மெல்லிய துணியால் மூட வேண்டும். கண்ணாடிச் சாடியும் காற்றுப் புகாத பெட்டியும் ஆகா. வெயில் நேரே சுடும் இடத்திலும் குளிரூட்டிய அறையிலும் வைத்தல் தவறு. நாயும் பூனையும் அணுகாத, பலர் வந்து பார்க்காத இடமே ஏற்றது. அதன் நிறம் கருமையாகிறதென்றால் அது அஞ்சுகிறது அல்லது வருந்துகிறது என்று பொருள்.

கிண்ணத்தில் வைத்த நீரைப் பெரும்பாலும் பச்சோந்தி குடிப்பதில்லை. இலைமேல் நிற்கும் பனித்துளியையும் மழைத்துளியையுமே அது அறியும். ஆகவே இலைகள்மேல் நீரைத் தெளியுங்கள். வாயின் ஓரத்தில் ஒவ்வொரு துளியாக விட்டு, அது தானே விழுங்கக் காத்திருங்கள். வாயினுள் பீச்சாதீர்கள். பாலும் பழமும் சோறும் வேண்டா. நான் செய்த பிழையை இன்னொருவர் செய்ய வேண்டா என்பதற்காகவே இவ்வுரை.

இரண்டாவதாகச் செய்யவேண்டியது சட்டம் பற்றியது. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நம் நாட்டுப் பச்சோந்தி பாதுகாக்கப்பட்ட உயிர். அதனைப் பிடிப்பதும் வீட்டில் வளர்ப்பதும் குற்றம். அடிபட்டதைக் கண்டு எடுத்தாலும் 48 மணி நேரத்திற்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திற்கோ வனத்துறை அலுவலர்க்கோ தெரிவித்தல் வேண்டும் என்று அச்சட்டத்தின் 39ஆம் பிரிவு கூறுகிறது. எங்கே கண்டெடுத்தோம் என்பதைக் குறித்து வைத்துச் சொல்லுதல் நலம். தேறினால் அதே இடத்தில் அதனை விடலாம்.

இவற்றை இணைத்துப் பாருங்கள். பச்சோந்தியின் உடல் இரண்டு நாள் உணவின்றித் தாங்கும். சட்டம் இரண்டு நாளுக்குள் தெரிவிக்கச் சொல்கிறது. நம் அறமோ உணவிட இயலாததைக் கட்டி வைக்காதே என்கிறது. மூன்றும் ஒரே வழியைக் காட்டுகின்றன. நீர் கொடு, நிழல் கொடு, உரியவரிடம் ஒப்படை.

மறுநாளே வனத்துறையினர் வந்து அதனை எடுத்துச் சென்றனர். சிகிச்சை நடந்த இடத்திற்கு அவர்கள் இசைவோடு நானும் சென்றேன். மயக்கமருந்து கொடுத்து, உயிரிழந்துபோன நாவின் நுனியை மருத்துவர் நீக்கினார். புண் ஆறும்வரை நீர்ச்சத்தும் மருந்தும் அளித்தனர். பின்னர் இடுக்கியால் இரையைத் தாடையருகே காட்டி, நாக்கை எய்யாமல் தாடையாலேயே கௌவப் பழக்கினர். இழந்த உறுப்பின் வேலையை மற்றோர் உறுப்பு கற்றுக்கொள்வதை நான் கண்ணாரக் கண்டேன். முதற்சில நாள் அது பழைய நினைவில் வாயைத் திறந்து, எய்ய முயன்று, தவறியது. மூன்றாம் வாரத்தில் தானே தலையை முன்னே நீட்டிக் கௌவிற்று. காட்டில் விடத் தகுந்த நிலையை அது எட்டுமா என்பதை இனி அங்குள்ளோர் முடிவு செய்வர்.

திரும்பி வந்து இச்செய்தியைச் சிறுவனிடம் கூறினேன். அவன் மகிழ்ந்தான், பின் சற்று மௌனமாக இருந்து, “தாத்தா, நாம் பூச்சியைக் கொல்லவில்லை. ஆனால் அவர்கள் கொல்வார்கள் என்று தெரிந்துதானே கொடுத்தோம்? தானே செய்வதும், பிறரைச் செய்விப்பதும், செய்வதற்கு உடன்படுவதும் மூன்றுமே வினை என்று பாடசாலையில் சொன்னார்களே?” என்று கேட்டான்.

அன்பர்களே, நாற்பதாண்டுக் காலம் நான் கேட்ட வினாக்களுள் இதுவே கடினமானது. அவனுக்கு நான் சொன்ன விடையை உங்கள் முன்னும் வைக்கின்றேன்; குறையிருப்பின் கற்றோர் திருத்துக.

“தம்பி, உன் வினா சரியானது. நாம் முழுத் தூய்மையாக வெளியே வந்துவிட்டோம் என்று நான் சொல்ல மாட்டேன். அப்பச்சோந்தி காயப்படாமல் வேலி மரத்தில் இருந்திருந்தால் பூச்சிகளை உண்டுதான் வாழ்ந்திருக்கும். நம் அட்டை அதன் நாவைப் பறித்தது. அதனை அதன் பழைய வாழ்வுக்குத் திருப்ப முயன்றோம். பூச்சி இறக்க வேண்டும் என்பது நம் விருப்பமன்று. இறப்பதில் நமக்கு மகிழ்ச்சியும் இல்லை. ஆயினும் நம் செயலில் ஒரு சிறு துகள் வினை ஒட்டியிருக்கக்கூடும். அதனை இல்லையென்று மறைக்காதே. மாலையில் பிரதிக்கிரமணம் செய்யும்போது அப்பூச்சிகளையும் நினைத்துக்கொள். பச்சோந்தியிடமும் மன்னிப்புக் கேள், பூச்சியிடமும் கேள்.” அவன் தலையசைத்தான். மூதாட்டி ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து சென்று எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நகரங்களில் பிறந்தநாள் பரிசாக அயல்நாட்டுப் பச்சோந்திகளை வாங்கும் வழக்கம் தோன்றியுள்ளது. ஏமன், சவூதி அரேபிய நாடுகளைத் தாயகமாகக் கொண்ட முக்காட்டுப் பச்சோந்தியே அவ்வாறு விற்கப்படுவனவற்றுள் முதன்மையானது. வனவுயிர்ச் சட்டத்தில் 2022இல் செய்த திருத்தமும், 2024இல் வந்த விதிகளும் இத்தகைய அயலினங்களை வைத்திருப்போர் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. பதிவு செய்தால் சட்டம் இசையும். நம் அறம் இசையுமா? அதனை வாங்குவோர், அதன் வாழ்நாள் முழுதும் ஓருயிரைக் கூட்டில் அடைக்கவும், அதற்காக நாள்தோறும் பிற உயிர்களை விலைக்கு வாங்கிக் கொல்லவும் இசைகின்றனர். இங்கு காயமும் இல்லை. காக்கவேண்டிய கட்டாயமும் இல்லை. இது நாமே வலிந்து தேடிக்கொள்ளும் சங்கல்ப ஹிம்சை. மிகுபொருள் விரும்பாமை என்னும் நோன்பு பொன்னுக்கும் நிலத்துக்கும் மட்டும் உரியதன்று. உயிர்களை உடைமையாக்கிக்கொள்ளாமையும் அதனுள் அடங்கும். நம் பிள்ளைகள் கேட்டால் வாங்கித் தராதீர்கள். ஏன் தரவில்லை என்பதைச் சொல்லித் தாருங்கள்.

அறியாமல் முன்னரே வாங்கிவிட்டவர் அதனை வேலியோரம் விட்டுவிடலாகாது. அது இம்மண்ணின் உயிரன்று. பதிவு செய்து, அதன் இயல்பறிந்த மருத்துவரின் அறிவுரையோடு பேணுதல் அல்லது பேண வல்லவரிடம் ஒப்படைத்தல் இரண்டே வழிகள். அவ்வுயிருக்கும் நாவில் நோய் வரும். சூரிய ஒளியும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்தால் எலும்பும் தசையும் தளர்ந்து நாக்கை எய்ய முடியாமற்போகும். வைட்டமின் ஏ குறைவும் நாவைக் கெடுக்கும். உண்ணாமல் இருக்கிறதென்று பாலைப் புகட்டாமல் உடனே மருத்துவரை நாடுங்கள்.

நிலமுடைய நம்மவர்க்கும் ஒரு வேண்டுகோள். ஒட்டுப்பொறி அட்டை நஞ்சு தெளிப்பதைவிடத் தீங்கு குறைந்ததுதான். ஆயினும் வேலி மரத்திற்கு அருகில் அதனை நடவேண்டா. பூச்சி நுழையவும் பச்சோந்தியும் சிறு பறவையும் அணுகாதிருக்கவும் தக்க கம்பிவலையை அட்டையைச் சுற்றி அமைக்கலாம். பருவம் முடிந்ததும் அட்டைகளையும் கிழிந்த நைலான் வலைகளையும் அகற்றிவிடுங்கள். பெண் பச்சோந்தி முட்டையிட மரத்திலிருந்து இறங்கி மண்ணைத் தோண்டும். அக்காலத்தில் அது சாலையைக் கடக்க நெடுநேரம் ஆகும். சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் அரியலூர்ச் சாலைகளில் அது பிழைப்பதே அரிது. உங்கள் வண்டியின் முன் அது வந்தால் ஒரு நிமிடம் நிறுத்துங்கள். ஒரு குச்சியை நீட்டினால் தானே பற்றிக்கொள்ளும். அது செல்லும் திசையிலேயே எதிர்ப்புறம் விட்டுவிடுங்கள். நிறம் மாறுவதால் அதனைப் பொய்யர்க்கு உவமையாகச் சொல்லும் வழக்கையும் விட்டுவிடலாம். தோலுக்கடியிலுள்ள நுண்படிகங்களின் அடுக்கு மாறுவதாலேயே அதன் நிறம் மாறுகிறது என்று 2015இல் கண்டறிந்துள்ளனர். வெப்பத்தையும் அச்சத்தையும் சினத்தையும் அது மறையாமல் தோலில் காட்டுகிறது. பொய் அதனிடம் இல்லை.

நிறைவாக ஒன்று. எரியும் கட்டைக்குள் இருந்த பாம்பிணையின்மீது பார்சுவநாதர் கருணை கொண்டார். அடிபட்டு இறக்கும் நாயின் செவியில் சீவகன் ஐம்பத மந்திரம் ஓதினான். அது சுதஞ்சணன் என்னும் தேவனாயிற்று. இவ்விரு வரலாறுகளிலும் அவ்வுயிர்களை யாரும் வீட்டில் வைத்து வளர்க்கவில்லை. அவற்றின் உணவை மாற்றவும் முயலவில்லை. துன்புறும் நேரத்தில் அருகில் இருந்தனர்; தம்மால் இயன்ற நன்மையைச் செய்தனர்; பின் அவ்வுயிரை அதன் வழியில் செல்ல விட்டனர்.

நான் கொன்ற அந்த முதற்பச்சோந்தியின் செவியில் நான் மந்திரம் ஓதவில்லை. அது இறக்கும் என்றே நான் எண்ணவில்லை. இன்று இந்த அவையில் அதற்காக ஒரு முறை பஞ்ச நமஸ்காரம் சொல்ல விரும்புகின்றேன். நீங்களும் என்னோடு சேர்ந்து சொன்னால் நன்றியுடையவனாவேன்.